நிரலுக்கும் ஒரு வழித்தடப் படம் வேண்டும்

2015 ஏப்ரல் 1ஆம் தேதி நம் நாட்டில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி நடப்புக்கு வந்தது. 2018 ஜூன் 1 அன்று அது பூஜ்ஜியமாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தது. ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்ற சில சேவைகளுக்கு மட்டும் 6 விழுக்காடே நீடித்தது. ஒன்பது ஆண்டுக்குள் நான்கு மாற்றங்கள். இந்த வரிகளுக்குப் பதிந்துகொண்ட கடைகளில், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகமானாலும் சரி, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள துணிக்கடையானாலும் சரி, கல்லாவில் இருக்கும் கணினியின் நிரலை அந்தக் கடைக்குப் பொருந்தும் மாற்றம் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் திறந்து மாற்ற வேண்டியிருந்தது.

ஓர் எண்ணை மாற்றுவதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் எல்லாருமே இப்படித்தான் கேட்பார்கள். எண்ணை மாற்ற ஐந்து வினாடி போதும். அந்த எண்ணை நம்பி வேறு எதெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நாள் கணக்கில் ஆகும். நம் பள்ளிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். எதை நம்பி எது நிற்கிறது என்பதைப் படமாக வரைந்து பார்க்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும், முதல் படத்தைக் கணினியிடம் கேட்காமல் மாணவர் தன் கையால் வரைய வேண்டும்.

கற்பனையாக ஓர் உணவகத்துக்கு ஜாவாவில் நிரல் எழுதுவோம். சாப்பாடு, பில், ரசீது, உறுப்பினர், மாதக்கணக்கு என்று ஐந்து கிளாஸ்கள். (தமிழகப் பாடநூல்கள் கிளாஸை ‘இனக்குழு’ என்கின்றன. பள்ளி வகுப்போடு குழம்பாமல் இருக்க அது நல்ல சொல். ஆனாலும் உங்கள் வாயில் வருவது கிளாஸ் என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.) கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளின் தகவலையும், அது செய்யக்கூடிய வேலைகளையும் ஒன்றாகக் கட்டி வைத்த பெட்டி. அந்த வேலைகள்தான் மெத்தட்கள். பில் கிளாஸில் ‘மொத்தம்’ என்றொரு மெத்தட் இருக்கும். மொத்தத்தைக் கணக்கிட ஒவ்வொரு சாப்பாட்டிடமும் அதன் விலையைக் கேட்கும். ஆகவே பில், சாப்பாட்டைச் சார்ந்திருக்கிறது. தாளில் பில் என்ற பெட்டியிலிருந்து சாப்பாடு என்ற பெட்டிக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள்.

அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். யாருக்கு யார் தேவையோ, தேவைப்படுபவரை நோக்கி அம்பு போகும். சாப்பாட்டில் ஏதாவது மாறினால், அம்பின் வால் இருக்கும் பக்கம், அதாவது பில் பாதிக்கப்படலாம். பில்லில் மாற்றம் செய்தால் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றத்தின் பாதிப்பு அம்புக்கு எதிர்த் திசையில் பயணிக்கும். சார்பு வரைபடத்தின் பயனில் பாதி இந்த ஒரு விதியில் இருக்கிறது.

இனி வரிக்கு வருவோம். அவசரத்தில் எழுதிய நிரலில் பில் கிளாஸ் 0.06 என்ற எண்ணை வைத்துப் பெருக்கும். ரசீது, வரித் தொகையைத் தனியாக அச்சிட வேண்டும் என்பதால் அதுவும் தன் பங்குக்கு 0.06 என்று எழுதி வைத்திருக்கும். மாதக்கணக்கை எழுதியவர் வேறொரு மாணவர், அவர் 1.06-ஆல் வகுத்திருப்பார். உறுப்பினர் கிளாஸிலும் ஒரு 0.06 இருக்கிறது. ஆனால் அது வரி அன்று. உறுப்பினருக்குத் தரும் 6 விழுக்காடு கழிவு! வரி மாறும் நாளில் ஒருவர் நிரல் முழுக்க 0.06-ஐத் தேடி மாற்றினால் என்ன நடக்கும்? உறுப்பினர் கழிவும் சேர்ந்து மாறிவிடும். மாதக்கணக்கில் உள்ள 1.06 மாறாமல் தங்கிவிடும். நிரல் நின்றுபோகாது. பிழைச்செய்தி எதுவும் வராது. ரசீது ஒரு தொகை சொல்லும், மாதக்கணக்கு வேறொரு தொகை சொல்லும். சுங்கத்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடைக்காரர்தான் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொள்வார்.

இந்த நிரலைப் படம் வரையும் மென்பொருளிடம் கொடுத்தால் அது என்ன வரையும்? பில்லிலிருந்து சாப்பாட்டுக்கு ஓர் அம்பு, ரசீதிலிருந்து பில்லுக்கு ஓர் அம்பு, அவ்வளவுதான். பில், ரசீது, மாதக்கணக்கு மூன்றும் ஒரே வரி விகிதத்தை நம்பி இருப்பது அதன் கண்ணில் படாது. ஏனென்றால் அந்தச் சார்பு நிரலில் எழுதப்படவில்லை. எழுதியவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. ‘வரி விகிதம் யாருக்கெல்லாம் வேண்டும்?’ என்று தாளை வைத்துக்கொண்டு யோசிக்கிற மாணவருக்குத்தான் அது தெரியும். தாளில் வரி என்று ஒரு பெட்டியை வரைவார். மூன்று இடங்களிலிருந்து அதற்கு அம்பு போடுவார். அப்போதே நிரலில் வரி என்றொரு கிளாஸ் இல்லையே என்று உறைக்கும்.

வரி கிளாஸை உருவாக்கி, ‘விகிதம்’ என்ற மெத்தட்டை அதில் வைத்து, மூவரும் அதையே கேட்கும்படி மாற்றிவிட்டோம் என்று வையுங்கள். இதே நிரலை, அறை வாடகையும் உணவகமும் சேர்ந்த ஒரு தங்கும் விடுதி 2024 பிப்ரவரியில் பயன்படுத்தியிருந்தால்? மார்ச் 1 முதல் அறைக்கு 8, சாப்பாட்டுக்கு 6. இனி விகிதம் என்பது ஒற்றை எண் அன்று. ‘எந்தச் சேவைக்கு?’ என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அந்த மெத்தட்டால் பதில் சொல்ல முடியாது. ஆகவே அதற்குச் சேவைவகை என்ற உள்ளீடு ஒன்றைச் சேர்க்கிறோம். சேர்த்த மறுகணம், பழைய முறையில் அதைக் கூப்பிடும் இடங்களையெல்லாம் ஜாவா மொழிமாற்றி சிவப்புக் கோடிட்டு நிறுத்திவிடும். மாணவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கென்னவோ இதைவிட நல்ல உதவி கிடைக்காது என்றே தோன்றுகிறது. விட்டுப்போன இடம் எது என்று கணினியே விரல் நீட்டிக் காட்டுகிறது. மூன்று இடத்தில் 0.06 என்று எழுதி வைத்திருந்தவர்களுக்கு இந்த உதவி கிடைக்காது.

இப்போது நம் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கீழ்ப்படிவங்களிலேயே கார்த்தா ஆலிர் என்ற பாய்வுப் படம் வந்துவிடுகிறது. அது நல்லதுதான். ஆனால் பாய்வுப் படம் ஒரே வேலைக்குள் எது முதலில், எது அடுத்து என்ற வரிசையை மட்டும் காட்டும். ஒரு மெத்தட்டின் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அது போதும். பத்து கிளாஸ்களுக்கு இடையே யாரை நம்பி யார் என்பதை அது சொல்லாது. படிவம் 4 கணினி அறிவியலில் தரவுத்தளப் பாடம் வரும்போது அட்டவணைகளுக்கு இடையே உறவுப் படம் வரைகிறீர்கள். அட்டவணைக்கு வரையலாம் என்றால் கிளாஸுக்கு ஏன் வரையக்கூடாது?

இதற்கென்று யுஎம்எல் என்ற முறைப்படியான குறியீட்டு மொழி 1997 முதல் தரமாக்கப்பட்டு இருக்கிறதே என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அதில் எந்தக் கோட்டுக்கு எந்தத் தலை, முக்கோணமா, வைரமா, நிரப்பியதா, நிரப்பாததா என்று மனப்பாடம் செய்வதிலேயே மாணவர்களின் நேரம் போய்விடும். பெட்டியும் அம்பும் போதும்.

‘படம் வரைய மென்பொருள் இருக்கும்போது கையால் எதற்கு?’ என்பது அடுத்த கேள்வி. மென்பொருள் உண்மையிலேயே நிறைய இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது புளூஜே. 1999-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோலிங்கும் உடனிருந்தவர்களும், ஜாவா கற்பிப்பதற்கென்றே உருவாக்கியது. இலவசம். அதைத் திறந்தால் நிரல் வரிகளுக்கு முன்னால் பெட்டிகளும் அம்புகளும்தான் தெரியும். ஒரு கிளாஸ் இன்னொன்றைப் பயன்படுத்தினால் விட்டு விட்டு வரும் கோடு. ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று பிறந்திருந்தால் முழுக்கோடு. நிரலை மாற்றினால் அம்பும் தானாக மாறும். அதைவிடப் பெரிய நிரலுக்கு, 2014-இல் வந்த ஜாவா 8 முதல் ஜேடெப்ஸ் என்ற கருவி ஜாவாவோடு சேர்ந்தே வருகிறது. உங்கள் கணினியில் ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பு இருந்தால் ஏற்கனவே அதுவும் இருக்கிறது. யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு மெத்தட்டை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க எக்லிப்ஸ் போன்ற மென்பொருள்களில் வசதி உண்டு.

இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சில நூறு கிளாஸ்கள் உள்ள நிரலை இப்படி ஒரு கருவியிடம் கொடுத்துப் பாருங்கள். தட்டில் கொட்டிய இடியாப்பம் போல ஒரு படம் வரும். ஒவ்வொரு கோடும் உண்மை. ஆனால் மொத்தத்தில் ஒன்றும் புரியாது. கேஎல் சென்ட்ரலில் மாட்டியிருக்கும் இரயில் வழித்தடப் படத்தை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தின் உண்மையான வளைவுகள் அதில் இல்லை. நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் அளவுப்படி இல்லை. கொமூட்டரிலிருந்து எல்ஆர்டிக்கு எங்கே மாறுவது, மோனோரெயிலுக்கு எங்கே இறங்குவது, அது மட்டும்தான். இவ்வகைப் படத்துக்கு வழிகாட்டி 1931-இல் இலண்டன் சுரங்க இரயிலுக்கு ஹேரி பெக் வரைந்து, 1933-இல் அச்சான படம். பெக் மின்சுற்றுப் படங்கள் வரைந்து பழகியவர். பயணிக்குத் தேவையில்லாததை விட்டதுதான் அவர் செய்த வேலை. எதை விடுவது என்று முடிவு செய்ய, படம் பார்ப்பவருக்கு என்ன கேள்வி என்று தெரிந்திருக்க வேண்டும். ‘வரி மாறினால் எதெல்லாம் மாறும்?’ என்ற கேள்வி உங்களுக்குத் தெரியும். கருவிக்குத் தெரியாது.

கருவிக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. பில் கட்டும்போது ரொக்கம், அட்டை, கியூஆர் என்று மூன்று வழிகள். நல்ல நிரலாளர் ‘கட்டணமுறை’ என்ற பொதுவான ஒன்றை வைத்து, மூன்றையும் அதன் வகைகளாக எழுதுவார். பில் கிளாஸ் ‘கட்டணமுறையே, இந்தத் தொகையை வாங்கிக்கொள்’ என்று மட்டும் சொல்லும். உண்மையில் எந்த வகையின் மெத்தட் ஓடும் என்பது வாடிக்கையாளர் பணப்பையை எடுக்கிறாரா, கைப்பேசியை எடுக்கிறாரா என்பதைப் பொறுத்தது. நிரலைப் படித்து வரையும் கருவி, பில்லிலிருந்து கட்டணமுறைக்கு ஓர் அம்பு போட்டுவிட்டு நின்றுவிடும். அல்லது மூன்றுக்கும் போடும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள் அல்லவா? அந்த விதி ரொக்கத்துக்குள் இருக்க வேண்டுமா, பில்லுக்குள் இருக்க வேண்டுமா? பில்லுக்குள் வைத்தால், கியூஆரில் கட்டுபவரின் தொகையும் சேர்ந்து மாறும். இதைக் கண்டுபிடிக்கக் கடை எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் படத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு படங்கள். முதலில் நிரலைப் பார்க்காமல், ‘இப்படித்தான் இருக்கிறது’ என்று நீங்கள் நம்புவதைக் கையால் வரையுங்கள். பிறகு கருவியை வரையச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எது பொருந்துகிறது, உங்கள் படத்தில் இருந்தும் நிரலில் இல்லாத அம்பு எது, நிரலில் இருந்தும் நீங்கள் நினைக்காத அம்பு எது என்று பாருங்கள். இது என் கண்டுபிடிப்பு அன்று. 1995-இல் அமெரிக்காவில் கெயில் மர்ஃபி, டேவிட் நோட்கின், கெவின் சலிவன் ஆகிய மூவரும் இந்த வழியை எழுதி வெளியிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஒருவர் பத்து இலட்சம் வரிகளுக்கும் மேற்பட்ட எக்ஸெல் நிரலைப் புரிந்துகொள்ள இதைப் பயன்படுத்தினார். அன்றைய எக்ஸெல் சி மொழியில் எழுதப்பட்டது, அதில் கிளாஸ் கிடையாது; ஆனாலும் வழி ஒன்றுதான்.

நினைக்காத ஓர் அம்பு எவ்வளவு சுமையைத் தூக்க வைக்கும் என்பதற்கு ஜாவாவே சாட்சி. பல ஆண்டுகளாக ஜாவாவின் நூலகம் முழுவதும் ஒரே மூட்டையாக இருந்தது. 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9-இல் அதைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு முன் எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நிரல் ஓடும்போது நடப்பதைக் குறித்து வைக்கும் லாக்மேனேஜர் என்ற கிளாஸில் இரண்டு மெத்தட்கள், சன்னல், பொத்தான் எல்லாம் வரையும் மேசைக்கணினித் தொகுதிக்குள் இருந்த ஒரு வகையைப் பெயர் சொல்லிக் கேட்டன. அந்த அம்பு இருக்கும்வரை, திரையே இல்லாத ஒரு சின்னக் கருவி குறிப்பு எழுதுவதற்காக மேசைக்கணினித் தொகுதி முழுவதையும் சுமக்க வேண்டும்! இதே போன்ற நான்கு மெத்தட்கள் வேறு இரண்டு இடங்களில் இருந்தன. ஜாவாக்காரர்கள் ஒருமுறை கொடுத்ததைத் திரும்ப எடுக்க மிகவும் தயங்குவார்கள். ஆனாலும் இந்த ஆறு மெத்தட்களையும் நீக்கினார்கள். ஆறு சின்ன மெத்தட்கள் போனதால் ஒரு பெரிய அம்பு அறுந்தது.

சார்பு உங்கள் நிரலோடு முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மைன்கிராஃப்ட் விளையாடுபவர்களுக்கு 2021 டிசம்பர் நினைவிருக்கலாம். அரட்டைப் பெட்டியில் குறிப்பிட்ட விதமான ஒரு வரியைத் தட்டினால் போதும், வெளியாள் ஒருவர் விளையாட்டுச் சேவையகத்தில் தன் நிரலை ஓட்டிவிடலாம் என்ற ஓட்டை வெளிவந்தது. ஓட்டை மைன்கிராஃப்டின் சொந்த நிரலில் இல்லை. அது குறிப்பு எழுதப் பயன்படுத்திய லாக்ஃபோர்ஜே என்ற இலவச நூலகத்தில் இருந்தது. உலகெங்கும் எண்ணற்ற ஜாவா நிரல்கள் அதை நம்பியிருந்தன. அவசரத்துக்குச் சொல்லப்பட்ட தீர்வுகளில் ஒன்று, அந்த நூலகத்திலிருந்து ஒரே ஒரு கிளாஸை அழித்துவிடுவது. அழிப்பது எளிது. தங்களிடம் அந்த நூலகம் இருக்கிறதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் பயன்படுத்திய ஒன்று, இன்னொன்றைப் பயன்படுத்தி, அது லாக்ஃபோர்ஜேயைப் பயன்படுத்தியிருந்தது. தங்கள் பெட்டியிலிருந்து வெளியே போகும் அம்புகளை வரைந்து வைத்திருந்தவர்கள் அந்த வாரம் சீக்கிரம் தூங்கப் போயிருப்பார்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் உணவக நிரல் முழுவதையும் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறது. பள்ளித் திட்டப்பணிகளில் அது நுழைந்துவிட்டது என்பதை ஆசிரியர்களும் அறிவார்கள். தடை போடுவதால் பெரிதாக ஒன்றும் நடக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அது எழுதித் தந்த நிரலுக்கு அடுத்த வரி மாற்றம் வரும்போது யார் பொறுப்பு? எழுதாத நிரலைப் புரிந்துகொள்ள, எழுதிய நிரலைவிட அதிகமாகப் படம் வேண்டும்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திட்டப்பணியை ஒப்படைக்கும்போது பாய்வுப் படத்தோடு இந்த இரண்டு தாள்களையும் ஆசிரியர்கள் கேட்கலாம். ஏழெட்டு கிளாஸ் உள்ள நிரலுக்குக் கைப்படம் வரைய இருபது நிமிடம் ஆகும்; புளூஜே தன் படத்தை உடனே காட்டிவிடும். மதிப்பெண்ணைப் படத்தின் அழகுக்குத் தர வேண்டாம். இரண்டு படமும் வேறுபடும் ஓர் இடத்தை மாணவர் காட்டி, எது சரி, நிரலை மாற்றுவதா படத்தை மாற்றுவதா என்று சொல்லட்டும், அதற்குத் தரலாம். நிரலை நண்பரிடம் வாங்கியவரும் செயற்கை நுண்ணறிவிடம் வாங்கியவரும் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். திணறி, உட்கார்ந்து படித்து, மறுவாரம் வந்து பதில் சொன்னால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.